பெரியவர் பேசாததை நாங்கள் எழுதினோம்

போன வாரம் இளம் நிருபர்களான உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். மேடவாக்கத்தில் ஏதோ திறப்பு விழா. வயதான தலைவர் ஒருவர் ரிப்பன் வெட்ட வருகிறார். கத்தரிக்கோலைக் கையில் வாங்குகிறார். பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்க்கிறார். நடந்தது ஐந்து நொடிதான் இருக்கும். அதை மெதுவாக ஓடவிட்டு, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பின்னணியில் சோக இசை சேர்த்து நீட்டியிருந்தார்கள். "அக்கா, எல்லாரும் போட்டுட்டாங்க. நாமளும் போடலாமா?" என்று கீழே ஒரு கேள்வி.

நான் பதில் அனுப்பவில்லை. அக்காவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபப்பட இப்போது தெம்பில்லை. காலையில் தண்ணீர் லாரிக்காரருக்கு நாலு தடவை போன் போடுவதிலேயே எனக்கு அன்றைய சக்தி தீர்ந்துவிடுகிறது. உண்மைக் காரணம் வேறு. போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடாமல் இருந்தவர்கள் நாங்கள். அதனால் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எங்கே கூட்டம் நடந்தாலும், முடிந்ததும் நாங்கள் நாலு பேப்பர் நிருபர்கள் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலைவர் என்ன பேசினார் என்று ஒத்துப் பார்ப்போம். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பொழிச்சலூர், பம்மல் பக்கம் கூட்டம் என்றால் தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். மேடையில் வாய் அசையும், காதில் எதுவும் விழாது. அந்த ஓட்டைகளை நாங்கள் சேர்ந்துதான் அடைத்தோம். இன்னொரு வசதியும் இருந்தது. நாலு பேப்பரிலும் ஒரே மாதிரி வந்துவிட்டால் எந்த ஆபீசிலும் யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதையே நீங்கள் இப்போது வாட்ஸ்அப் குழுவில் செய்கிறீர்கள். டீ மட்டும் இல்லை.

எங்கள் பகுதிக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம். நாங்கள் பெரியவர் என்போம். பல தடவை சட்டமன்றத்துக்குப் போனவர், அமைச்சராகவும் இருந்தவர். எண்பதைத் தாண்டியும் வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார். எந்தத் தெருவில் எந்த வருஷம் குழாய் போட்டோம் என்று விரல் விட்டுச் சொல்வார். என் மகன் ஒரு வருஷம் கணக்கில் திணறிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறேன் போல. மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தபோது, "பையன் கணக்குல தேறிட்டானாம்மா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போது பேனா தானாகவே பணிந்து போகும். அவரிடமிருந்து எனக்கு நல்ல செய்திகள் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெறும் மரியாதை என்று சொன்னால் அது பாதிப் பொய்.

முதல் அறிகுறி படப்பையில் தெரிந்தது. மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரவேற்றுக்கொண்டு வந்தவர், நாலு மாதம் முன்பு இறந்துபோன கட்சிக்காரர் ஒருவரையும் சேர்த்து வரவேற்றார். அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தியதே பெரியவர்தான். மேடையில் யாரும் அசையவில்லை. இறந்தவரின் மகன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீக்கடையில் எங்களில் மூத்தவர்தான் பேச்சை எடுத்தார். வேறொரு நாளிதழின் நிருபர். ஓய்வு பெறும் வயதிலும் மெட்ராஸ் பாஷையை விடாதவர்.

"இன்னாக்கா, போய் சேந்தவருக்கு வணக்கம் சொல்லிக்கினு இருக்காரு?"

"எழுதணுமா?" என்றேன்.

"அத போய் எழுதிக்கினு. வுடுக்கா. வயசானா அப்டித்தான். நம்ம வூட்ல இல்லியா?"

எல்லோர் வீட்டிலும் இருந்தது. என் மாமியார் அப்போது என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டோம்.

ஒரு தடவை விட்டுவிட்டால் அடுத்த தடவை விடுவது சுலபம். பம்மலில் ஒரே பக்கத்தை இரண்டு முறை படித்தார். நாங்கள் ஒரு முறை எழுதினோம். வேறொரு விழாவில் வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, பாதியில் நின்று, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தை நாங்கள் முடித்து வைத்தோம். இதற்குள் அவருடைய உதவியாளர் எங்களுக்கு ஒரு வழி செய்துவிட்டார். கூட்டத்துக்கு முன்பே டைப் செய்த உரை கைக்கு வந்துவிடும். கெட்டிக்கார மனிதர். டீக்கடையில் நோட்டு போய் அந்த உரைத்தாள் வந்தது. விமானம் போட்ட ஓட்டையை அடைத்துப் பழகிய கை, மனிதர் போட்ட ஓட்டையையும் அடைக்க ஆரம்பித்தது. எங்கே மாறினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

எங்கள் செய்தி ஆசிரியர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் எரிச்சலாகத்தான் பேசுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து உங்க பெரியவர டிவில கொஞ்சம் பார்த்தேன். காலையில நீ எழுதினதப் படிச்சேன். ரெண்டும் வேற வேற ஆளா இருக்கே?"

"சார், வயசானவரு. கொஞ்சம் தடுமாறுறார். அத எழுதுனா அசிங்கப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"தடுமாறுறத எழுதச் சொல்லல. அவர் வியாதி நமக்கு எதுக்கு? நீ டாக்டரா? அவர் மேசையில என்ன நிக்குதுன்னு போய்ப் பாரு. அத எழுது."

சரி சார் என்றேன். போய்ப் பார்க்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் பத்துப் பக்கம் முடிக்க வேண்டியிருந்தது. எனக்கு அடுத்த கூட்டம் இருந்தது. பெரிய தவறுகளுக்குப் பின்னால் ஏதோ சதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு பேர் களைத்துப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

அவர் மேசையில் என்ன நின்றது என்று இப்போது சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, ஏரிக்குக் கீழே ஒரு நகர் இருக்கிறது. ஏரி நிரம்பினால் உபரி நீர் போக ஒரு கால்வாய் உண்டு. அதன் குறுக்கே யாரோ சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். முந்தைய மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. ஏரி, கால்வாய்களைக் கவனிக்க ஒரு குழு இருந்தது. அதற்குத் தலைவர் பெரியவர். அவர் குழுவைக் கூட்டி ஒப்புதல் தந்தால்தான் அதிகாரிகள் சுவரில் கை வைப்பார்கள்.

மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நகர்க்காரர்கள் பெரியவரை அழைத்துப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். டிவிக்காரர்கள் வரவில்லை. சுவர் விஷயத்துக்கு யார் வருவார்கள்? நாங்கள் நாலு பேர் மட்டும். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கிரேஸ் என்ற ஆசிரியை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் பாடம் எடுப்பவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அவரும்தான். அம்மாவுக்குப் பக்கவாதம். படுத்த படுக்கை. வீடோ தரைத்தளம்.

பெரியவர் உரையைப் படித்து முடித்ததும் கிரேஸ் எழுந்து நின்றார். பேப்பர் எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்.

"ஐயா, போன மழையில எங்க அம்மாவக் கட்டிலோட தூக்கிட்டு ஓடினோம். இந்தத் தடவ அவங்கள முன்கூட்டியே சேலையூர்ல ஒரு மாடி வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்னு பார்க்கிறேன். ஆனா இடம் மாத்தினா அவங்களுக்கு ரொம்ப சிரமம். அழுவாங்க. சுவர மழைக்கு முன்னாடி எடுத்துடுவீங்கன்னா இங்கயே வெச்சுக்குவேன். எடுப்பீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்க."

அதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. பெரியவர் முகம் மலர்ந்தது.

"அந்தச் சுவரைத்தான் இடிச்சாச்சேம்மா. நானே பக்கத்துல நின்னு இடிச்சேன். மொத தடவ ஜெயிச்சு வந்த புதுசு. நல்ல வெயில். எல்லாரும் பயந்தாங்க, நான் விடல."

எங்கேயோ எப்போதோ இடித்த வேறு ஒரு சுவர். அதைப் பற்றி ரொம்ப சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். உதவியாளர் பக்கவாட்டிலிருந்து, கூட்டத்தை முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். முன்வரிசையில் கைதட்டினார்கள். நன்றியுரை தொடங்கிவிட்டது. கிரேஸ் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

டீக்கடையில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூத்தவர், "இன்னா எழுதறது இத?" என்றார். அப்போது பேசியது நான். இதை நான் வேறு யார் மேலும் போட முடியாது. "டைப் பண்ணதுல மழைக்கு முன் சுவர் அகற்றப்படும்னு இருக்கு. அதையே எடுத்துக்கலாம். அவர் சொல்ல வந்தது அதுதானே" என்றேன். மற்றவர்களுக்கு நிம்மதி. மறுநாள் நாலு பேப்பரிலும் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கேள்விக்குப் பதிலளித்த பெரியவர், மழைக்கு முன் சுவர் அகற்றப்படும் என்று உறுதி அளித்தார்.

சொல்ல வந்தது அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாதே.

கிரேஸ் அன்று காலை எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். பள்ளிக்குப் போகிற வழியில் பேசினார், பின்னால் ரயில் சத்தம். "பேப்பர்ல பார்த்தேன் மேடம். ரொம்ப தேங்ஸ்" என்றார். பரவாயில்லைங்க என்று சொல்லி வைத்தேன்.

மழை ஒரு வாரநாளில், பட்டப்பகலில் வந்தது. இரண்டு மணிக்குத் தண்ணீர் தெருவில் ஏறியது. மூன்றரைக்கு வீட்டுக்குள். கிரேஸ் பள்ளியில் இருந்தார். பஸ் இல்லை, ரயில் நின்றுவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டில் நடந்தே கிளம்பி, வீடு வந்து சேர ஆறு ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் அம்மாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசை மேல் படுக்க வைத்திருந்தார்கள். நனைந்த புடவையோடு இரண்டரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளி என்றார்கள். மூன்றாவது வாரம் இறந்துபோனார்.

தண்ணீர் வடிந்த மறுநாளே வெள்ளச் செய்தி எடுக்க நான் அந்த நகருக்குப் போயிருந்தேன். சுவர் ஒரு செங்கல் குறையாமல் நின்றது. சங்கத்து அறிவிப்புப் பலகையில் என் செய்தியை வெட்டி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தத் தெருக்காரர் ஒருவர் சேற்றைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தோம் மேடம். நீங்க போட்டுட்டீங்க, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டோம்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் அதை எழுதியவள் என்று தெரிந்தே, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தை நான் செல்போனில் பதிவு செய்திருந்தேன். பழக்கத்தில் செய்தது. ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை. கிரேஸின் அம்மா இறந்த செய்தி வந்த அன்று கேட்டேன். விமானச் சத்தம் இல்லை, மைக் கரகரப்பு இல்லை. பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் கேட்டது.

அதன் பிறகுதான் செய்தி ஆசிரியர் சொன்ன மேசையைப் பார்க்கப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. விசாரித்ததில் குழு கூடி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. எழுத்தர் அம்மா ஒருவர் மட்டும், "ஃபைல் போகுது மேடம், திரும்பி வரல. ஐயாகிட்டப் போய் யார் கேக்கறது?" என்றார். யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். உதவியாளருக்குச் சொல்லாமல் போனேன். பெரியவரின் மகள் கதவைத் திறந்தார். பெரியவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். "வாம்மா, உக்காரு. பையன் எப்படி இருக்கான்? காபி குடிக்கிறியா?" என்றார். காபி வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே, "காபி குடிக்கிறியாம்மா?" என்று மறுபடி கேட்டார். குடிக்கிறேன் ஐயா என்றேன்.

பிறகு அவர் சொன்னது என்னை உட்கார்ந்த இடத்திலேயே அறுத்துவிட்டது. கையில் இருந்த பேப்பரைத் தட்டிக் காட்டினார்.

"நீங்க நாலு பேரும்தாம்மா நான் பேசறத அப்படியே போடறீங்க. சில நாள் வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கே சந்தேகமா இருக்கும், சரியாப் பேசினோமான்னு. காலையில இதப் படிச்சாத்தான் தைரியம் வருது."

மகள் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "ரெண்டு வருஷமா ஓய்வெடுங்கன்னு கெஞ்சிட்டிருக்கோம் மேடம். அப்பாவும் ஒரு கட்டத்துல ஒத்துக்கிட்டார். கட்சிக்காரங்க வந்து உங்க பேப்பரத்தான் காட்டறாங்க. எவ்ளோ நல்லாப் பேசியிருக்கார், இவருக்கு என்ன குறைங்கிறாங்க. நான் வீட்ல பார்க்கிறதுதான் பொய்யோன்னு எனக்கே குழப்பமாயிடுது. எல்லார் முன்னாடியும் அவர நிறுத்தி வெச்சு வேடிக்கை பார்க்கிறாங்க. நீங்களாவது உண்மைய எழுதலாமே?"

அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போக விரும்பிய ஒரு கிழவரை மேடையிலேயே பிடித்து வைத்திருந்தோம். அந்தப் படியில் நின்றபோது என் மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

எழுதினேன். குழு கூடாத மாதங்கள், திரும்பி வராத கோப்புகள், சுவர், வெள்ளம். அதோடு அவர் வீட்டில் காபியைப் பற்றி இரண்டு முறை கேட்டதையும் எழுதியிருந்தேன். அந்தப் பத்திதான் படிப்பவரைப் பிடித்து நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். செய்தி ஆசிரியர் முதலில் அதைத்தான் அடித்தார்.

"சார், அதுதான் முக்கியமான ஆதாரம்" என்றேன்.

"வீட்டுக்கு வந்த உனக்குக் காபி குடுத்திருக்கார். அத எடுத்து ஊருக்குக் காட்டப் போறியா? ஒம்பது மாசமா ஃபைல் நிக்குது, அது ஊர் விஷயம். ஹால்ல நூறு பேர் முன்னாடி அந்த டீச்சர் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னார், அதுவும் ஊர் விஷயம். அது எங்க? அத ஏன் நீ எழுதல?"

நான் எழுதாததற்குக் காரணம் அவருக்கும் தெரியும். அதை எழுதினால் நான் முன்பு எழுதியது பொய் என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டும். என்னோடு மூன்று பேப்பர்களும் மாட்டும். அவர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அந்த உறுதிமொழி டைப் செய்த உரையில் இருந்ததே தவிர, பெரியவர் வாயால் சொல்லப்படவில்லை. அன்று அவர் சொன்னது இது. நாம் பிரசுரித்தது தவறு.

பலன் பெரிதாக ஒன்றுமில்லை. உதவியாளர் போனில் கத்தினார். கட்சிக்காரர்கள் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் கோஷம் போட்டார்கள். குழுவுக்கு வேறு தலைவர் வந்தார், சுவர் அடுத்த கோடையில் இடிக்கப்பட்டது. பெரியவர் ஓய்வுக்குப் போனார். ஒரு வருஷம் கழித்து இறந்தபோது எல்லாப் பேப்பரிலும் அவர் ஞாபகசக்தியைப் புகழ்ந்து எழுதினார்கள். டீக்கடைப் பக்கம் என்னை யாரும் கூப்பிடவில்லை. மூத்தவர் மட்டும் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பார்த்து, "எங்களையும் சேத்து மாட்டி வுட்டுட்டியேக்கா" என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். நான் சாரி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். அந்த ஐந்து நொடியை மெதுவாக ஓடவிட்டதும் பொய்தான். நாங்கள் பெரியவருடைய வாக்கியத்தை முடித்து வைத்தது எப்படிப் பொய்யோ, அப்படி. அந்த வீடியோ தலைவரை ஒரு தடவைகூடப் பார்க்காத டாக்டரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து வியாதிக்குப் பெயர் கேட்பதும் வேண்டாம். கைநடுக்கம், தள்ளாட்டம் இவற்றை விடுங்கள். திடமாக நடக்கிறவர்களும் வேலை செய்யாமல் இருந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் பொறுப்பில் என்ன இருக்கிறது, அது நடக்கிறதா, அவர் பெயரில் வேறு யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வேலை நின்றிருந்தால் எழுதுங்கள். பொது மேடையில் ஒருவர் கேட்டதற்கு அவர் என்ன சொன்னாரோ, அதைச் சொன்னபடியே எழுதுங்கள், கூட்டாமல் குறைக்காமல். சொல்லச் சுலபமாக இருக்கிறது. செய்கிற அன்று சுலபமாக இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். தவறை ஒத்துக்கொண்ட அந்தச் செய்தி வெளியாவதற்கு முந்தைய நாள் மாலை கிரேஸ் வீட்டுக்குப் போனேன். பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பள்ளியிலிருந்து வந்து, இன்னும் புடவை மாற்றாமல் இருந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. அவர் அம்மாவின் கட்டிலை மடித்துச் சாய்த்து வைத்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். டீக்கடையில் அப்படி எழுதலாம் என்று சொன்னதே நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. "அந்த ரெக்கார்டிங் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார்.

போட்டுக் காட்டினேன். அவருடைய கேள்வி வந்தது. பிறகு பெரியவரின் குரல், அந்தச் சுவரைத்தான் இடிச்சாச்சேம்மா. கிரேஸ் போனை என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு முறை போட்டுக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"அன்னிக்கே எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு மேடம். இவருக்கு ஒண்ணும் தெரியல, அம்மாவக் கூட்டிட்டுப் போயிடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சேலையூர் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். அம்மாவோட துணியெல்லாம் எடுத்துப் பெட்டியில வெச்சுட்டேன். மறுநாள் உங்க பேப்பர் வந்துச்சு. ஒரு பேப்பர்ல தப்பா வரலாம், நாலு பேப்பர்லயுமா தப்பா வரும், எனக்குத்தான் சரியாக் கேக்கலன்னு நெனச்சேன்."

கட்டிலைப் பார்த்தார்.

"பெட்டியில இருந்த துணிய எடுத்து மறுபடி பீரோவுல அடுக்கினேன்."